சிமெண்ட் தாளில் வரைந்தது

– கதவை ஏன் சாத்துறீங்கண்ணே?

– காத்து வீசுது தங்கச்சி.

– காத்தா? கொடியில போட்ட துணி கூட அசையல.

– தூசி வரும். மாப்ளைக்கு ஆகாது.

– பத்து வருஷம் சிமெண்டைத் தின்ன மனுசனை இந்தத் தெருத் தூசி என்ன பண்ணிடப் போகுது? திறந்தே கிடக்கட்டும்.

– சரி, பாதி திறந்து வெக்கிறேன். நாலு பேர் காதுல விழுற பேச்சு இல்ல இது. புரியுதா?

– அப்படி என்ன பேச்சு? மூணு மாசமா எட்டிப் பாக்காதவரு இன்னைக்கு ஆப்பிள் பையும் கையுமா வந்து நிக்குறீங்க. அப்பவே நினைச்சேன், ஏதோ இருக்குன்னு.

– குழாய் யார்டுல நகர முடியல தங்கச்சி. மேஸ்திரின்னா சும்மாவா? ஒரு குழாயை ஏத்தணும்னாலும் இறக்கணும்னாலும் நான்தான் கை காட்டணும். நான் காட்டலேன்னா கிரேன் அந்தரத்துல அப்படியே தொங்கிட்டு நிக்கும். புரியுதா?

– தெரியும். இவரு தினமும் வந்து சொல்லுவாரு. அண்ணன் கையை இப்படி அசைச்சாரு, அப்படி அசைச்சாருன்னு. அப்பல்லாம் இவருக்குப் பேச்சு இருந்துச்சு.

– என்ன மாப்ள? எப்படிப்பா இருக்க? ஆளு நல்லாத்தான் இருக்க. என்னைத் தெரியுதா? நான்தான்டா. ஏன் தங்கச்சி, நான் பேசினா இவன் என் வாயையே உத்துப் பாக்குறான்?

– காது நல்லாக் கேக்கும். பேச்சுதான் உள்ள ஏறாது. தலையில அடிபட்டதுல அந்த இடமே போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாயில இருந்தும் வராது, காது வழியாவும் போகாது. நாம பேசுறது அவருக்கு மிக்சர் மெஷின் ஓடுற மாதிரி இருக்கும் போல.

– எழுதிக் காட்டினா?

– அதுவும் கோழி கிளறின மண்ணு மாதிரிதான். படம்னா மட்டும் ஏறும்.

– ம். அதைத்தான் நானும் கேள்விப்பட்டேன். படம் போடுறானாமே.

– யாரு சொன்னா?

– ஸ்டோர்காரன்தான். காலி சிமெண்ட் மூட்டைத் தாள் வேணும்னு நீ யார்டு கேட்டுக்கு வந்தியாம். கட்டுக் கட்டா வாங்கிட்டுப் போனியாம்.

– கட்டுக் கட்டாவா? ஒரே ஒரு கட்டு. அதுலயும் பாதி கிழிசல். நோட்டு வாங்கிக் கொடுத்தா ஒரே நாள்ல தீர்த்துடுறாரு. சிமெண்ட் தாள்னா கெட்டி. எவ்வளவு அழுத்தி வரைஞ்சாலும் தாங்குது. அதுக்கு இப்ப என்ன? குப்பையில போற தாளுக்கு மேஸ்திரி வீடு தேடி வந்து விசாரிக்கணுமா?

– ஐயையே! நான் வந்தது வேற விஷயம். இந்தா, இதைப் படி. எட்டாவது வரைக்கும் படிச்சவதானே நீ.

– கொடுங்க. ம். "நான் என் சொந்தப் பொறுப்பில் குழாய்க்கு அடியில் சென்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. எச்சரிக்கை செய்யப்பட்டும் நான் கேட்கவில்லை." இது யாருண்ணே பேசுறது?

– மாப்ளதான்.

– இவரா! இவரு வாய் திறந்து மூணு மாசம் ஆச்சு. காகிதத்துல மட்டும் இவ்வளவு சுத்தமாப் பேசுறாரா?

– ஆபீஸ்ல டைப் பண்ணிக் கொடுத்தது. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவாங்க. நாளைக்கு விசாரணைக்கு ஒரு அதிகாரி வர்றாரு. அவரு வர்றதுக்கு முன்னாடி இடது கைப் பெருவிரலை ஒரு அழுத்து அழுத்தினா முடிஞ்சுது.

– "எச்சரிக்கை செய்யப்பட்டும்." யாரு எச்சரிக்கை செஞ்சாங்க?

– நான்தான். வேற யாரு செய்வா?

– எப்படி?

– விசில் அடிச்சேன். ஓங்கி அடிச்சேன்.

– எத்தனை தடவை?

– ரெண்டு... மூணு. அதையெல்லாம் யாரு எண்ணினா? என்ன தங்கச்சி, நாளைக்கு வரப்போற அதிகாரி நீதானா?

– அவரு கேக்கப் போறதை நான் இன்னைக்கே கேக்குறேன். சரி, இதுல கைநாட்டு வெச்சா இவரை இனி யாரு வேலைக்கு விடுவாங்க?

– வேலையா? இந்த நிலைமையிலயா?

– ஏன், இவருக்கு என்ன கொள்ளை? இடது கை நல்லா ஓடுது. நடக்குறாரு, நிக்குறாரு. குழாய்ல ஸ்டென்சில் வெச்சுப் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் பேச்சு வேணாம், படிப்பு வேணாம். அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரிஞ்சாப் போதும். போன மாசம் இன்ஜினியரைப் பார்த்துக் கேட்டேன். விசாரணை முடியட்டும், இவரு மேல தப்பு இல்லேன்னா எடுத்துக்கிறோம்னாரு. இந்தக் காகிதத்துல நாட்டு விழுந்தா எந்த யார்டு கேட்டும் திறக்காது. வீட்டுல உக்கார வெச்சு சுவரைப் பாக்க விடவா?

– அது எனக்குத் தெரியாதா? ஆனா நாட்டு வெக்கலேன்னா நாளைக்கு வேற ஒருத்தன் வேலை போகும்.

– எந்த ஒருத்தன்?

– பொதுவாச் சொன்னேன்.

– பொதுவாச் சொல்றப்ப உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

– புழுக்கம். கதவை நீதானே... சரி, திறந்துதான் இருக்கு. நான் சொல்றதக் கேளு தங்கச்சி. நீ எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி. இவனுக்கு நான்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். இவன் கெட்டுப்போகணும்னு நினைப்பேனா?

– நினைக்க மாட்டீங்க. அதுதான் எனக்கும் குழப்பமா இருக்கு.

– என்ன குழப்பம்?

– ஒண்ணுமில்ல. டீ போடவா?

– வேணாம். எனக்கு ஒண்ணு மட்டும் காட்டு. இவன் போடுற படத்தை.

– எதுக்கு?

– சும்மாதான். மாப்ள எப்படிப் போடுறான்னு பாக்க ஆசை.

– இவரு மூணு மாசமா அழுதாரா சிரிச்சாரான்னு பாக்க ஆசை வரல. படத்தைப் பாக்க மட்டும் வருது.

– குத்திப் பேசாத. நாளைக்கு அந்த அதிகாரி இவன் கையில பென்சிலைக் கொடுத்து, என்ன நடந்துச்சு போடுன்னு சொன்னா, கிறுக்குத்தனமா எதையாவது போட்டு வெப்பான். அதை அந்த ஆளு வேற மாதிரி எடுத்துக்குவாரு. நாம முன்னாடியே பார்த்து வெச்சுக்கணும். புரியுதா?

– இப்பப் புரியுது. பாருங்க. மறைக்க என்ன இருக்கு? அந்தச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கேன்.

– யம்மா! இவ்வளவா? இது... இது கிரேன்தானே? மேல கொக்கி, கீழ மூணு கை. கிரேனைப் போட்டிருக்கான்! எப்ப போட்டான் இதை?

– அது ஃபேன்ணே.

– ஃபேனா?

– மேல பாருங்க, தலைக்கு மேலயே ஓடுது. காத்து வேணும்னா அந்தத் தாளைத் தொடுவாரு.

– ஓ. சரி சரி. இது என்ன, தலையில ஆணி அடிச்ச மாதிரி? யாரு யார் தலையில ஆணி அடிச்சாங்க?

– தலைவலி. ஒரு ஆணின்னா தாங்கிக்குவாரு. மூணு ஆணி போட்டா மாத்திரை. அஞ்சு போட்டா ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரி. முதல் மாசம் வெறும் கோடு கோடா இழுத்துத் தாளையே கிழிப்பாரு. கோபம். நான் தண்ணி கொடுத்தா தட்டி விடுவாரு, சோறு கொடுத்தா தட்டி விடுவாரு. கடைசியில பாத்தா அவருக்கு ஜன்னலைத் திறக்கணும். அதுக்கு ஒரு சதுரம் போட்டு நடுவுல கோடு போட்டாரு பாருங்க, அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்.

– இந்தச் செருப்பு?

– அது நான்.

– நீயா?

– இவரு ஆளைப் போடவே மாட்டாரு. முகம், கை, கால் எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு சாமான்தான். டாக்டர்னா கண்ணாடி. எதிர்வீட்டு அக்கான்னா சாவிக்கொத்து. நான்னா இந்தப் பிஞ்ச செருப்பு. ஏன்யா, இருபது வருஷம் குடித்தனம் பண்ணினதுக்கு என் ஞாபகமா இதுதான் கிடைச்சுதான்னு அதைத் தொட்டுக் காட்டி முறைச்சேன். பக்கத்துல இன்னொரு செருப்பைப் போட்டு ஜோடி சேர்த்தாரு. அது அவராம்.

– ஹ! பயலுக்குக் குசும்பு போகல. அப்ப நீ அவன்கிட்ட எதையாவது சொல்லணும்னா என்ன பண்ணுவ?

– எனக்கு வேற வழி? நானும் பென்சிலைப் பிடிச்சுக்கத்தான் வேண்டியிருக்கு. நான் போட்ட முட்டையைப் பார்த்து உருளைக்கிழங்குன்னு நினைச்சு ஒரு நாள் பட்டினி கிடந்தாரு.

– சரி, நான் எங்க? என்னைப் போட்டிருக்கானா?

– நீங்க எங்க வந்தீங்க, போடுறதுக்கு?

– இப்ப வந்திருக்கேனே. பாரு, பென்சிலை எடுக்குறான். ஏன் என்னையே பாத்துப் பாத்துப் போடுறான்? என்ன போடுறான்? தங்கச்சி, எட்டிப் பாரு, என்ன போடுறான்?

– பொறுங்கண்ணே, ஏன் பதறுறீங்க? ம். விசில்.

– விசிலா? கொண்டா. இது ஏன் விசிலைச் சுத்தி இப்படி இழுத்திருக்கான்? ஒரு வளையம் மாதிரி. தூக்குக் கயிறா?

– கழுத்துல மாட்டுற கயிறு. இப்பவும் மாட்டிட்டுத்தானே இருக்கீங்க, லீவு நாள்ல கூட.

– ம். ஆமா. பழக்கம்.

– உங்களைப் பார்த்ததும் சந்தோஷம். சிரிக்கிறாரு பாருங்க.

– சிரிக்கிறானா? எனக்கு என்னவோ முறைக்கிற மாதிரி இருக்கு.

– வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. சிரிச்சா அப்படித்தான் இருக்கும்.

– சரி, இதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம். யார்டு படம் ஏதும் போடலையே? அன்னைக்கு நடந்தது?

– சுவர்ல இருக்கிறதைப் பார்த்துட்டீங்களே.

– சுவர்ல இல்ல. அந்தத் தலையணைக்கு அடியில என்ன?

– எது?

– தாள் நுனி நீட்டிட்டு இருக்குல்ல, அது.

– அது வேணாம்ணே.

– ஏன் வேணாம்?

– அதுல எதுவும் முடிவாகல. வேணாம், விடுங்க. அண்ணே, இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்!

– கையை எடு. நான்தான் சொன்னேனே! மறைச்சு வெச்சிருக்க! இது யார்டு! இது குழாய், இது கிரேன். இது என்ன, ஃபேன்னு சொல்லுவியா?

– இல்ல. அது கிரேன்தான்.

– ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு தாள். அஞ்சும் யார்டு. எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?

– ரெண்டு வாரமா.

– ரெண்டு வாரமா! இங்க நீ டீ போடவான்னு கேக்குற!

– கத்தாதீங்க. சத்தம் போட்டா அவருக்குத் தலையில ஆணி ஏறும். பாக்கணும்னீங்க, பாருங்க. உக்காந்து பாருங்க.

– ஆங், இதைப் பாரு. குழாய் மேல தொங்குது. மேஸ்திரித் தொப்பி, தொப்பை, நான்தான். கையைத் தூக்கிட்டு விசில் அடிக்கிறேன். இவன் குடுகுடுன்னு அடியில ஓடுறான். இதுதான்! இதைத்தான் நானும் சொல்றேன். நாளைக்கு இந்தத் தாளைக் கொடு, போதும்.

– மத்த நாலு?

– இது... நானே இல்ல. இவன் தனியா நிக்குறான். நான் எங்க போனேன்? டீக்கடைக்கா? பொய். நான் அங்கதான் நின்னேன். வேலை நேரத்துல இடத்தை விட்டு அசைஞ்சவன்னு என்னை ஒருத்தன் சொல்ல முடியாது.

– சரி, அது இல்ல.

– இது இன்னும் மோசம். கயிறு அறுந்து விழுதா? அந்தக் கயிறு புதுசு. அதுக்கு முந்தின வாரம்தான் மாத்தினோம். மனசாட்சியோட சொல்றேன், அறுந்திருந்தா கம்பெனி இந்நேரம் கயிறு வித்தவனை உண்டு இல்லேன்னு ஆக்கியிருக்கும்.

– அப்ப அதுவும் இல்ல.

– இது யாரு, பாட்டிலோட? கிரேன் கூண்டுக்குள்ள? அட பாவி மாப்ள! கிரேன் ஓட்டுறவன் பச்சைத்தண்ணிக்கு மேல தொடாதவன்டா! அவன் மேல ஏன்டா பழி போடுற? அன்னைக்கு அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் கை காட்டினேன், அவன் இறக்கினான்.

– நீங்க இறக்கச் சொல்லிக் கை காட்டினீங்களா?

– ...அதாவது, முதல்ல. அப்புறம் நிறுத்தச் சொல்லி விசில் அடிச்சேன். சொன்னேனே.

– ம். ஒண்ணு பாக்கி இருக்கு.

– பாக்குறேன்.

– பாருங்க.

– ...

– என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க? மத்தது எல்லாத்துக்கும் பொய் பொய்னு குதிச்சீங்க.

– இதை வேற யாரு பார்த்தா?

– ஏன்?

– கேக்குறதுக்குப் பதில் சொல்லு. யாரு பார்த்தா? இன்ஜினியர் பார்த்தாரா?

– இந்த வீட்டை விட்டு வெளிய போகல.

– இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் குழாய் அடியில குனிஞ்சு முட்டுக்கட்டை வெச்சிட்டு இருந்தான். இவன் முகம் தரையைப் பாத்துட்டு இருந்துச்சு. என் முதுகு இவனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

– உங்க முதுகா? இவரு அடியில ஓடினாருன்னீங்க. இப்பக் குனிஞ்சு கட்டை வெச்சாருங்கிறீங்க.

– தங்கச்சி...

– அந்தப் படத்துல நீங்க திரும்பி நிக்குறீங்க. ஒரு கை காதுல, ஒரு கை பின்னாடி. அப்படியா நின்னீங்க?

– மெதுவாப் பேசும்மா. கதவு...

– கதவு கிடக்குது. அப்படியா நின்னீங்க?

– ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்தான். லாரிக்காரன் போன்ல கத்திட்டு இருந்தான், எவ்வளவு நேரம் நிக்கிறதுன்னு. மிக்சர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. திரும்பி நின்னு காதைப் பொத்திக்கிட்டுப் பேசினேன். அப்படியே பின்னாடி கையைக் காட்டினேன்.

– பாக்காமலே?

– எப்பவும் அப்படித்தானேம்மா! புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னா காட்டுறவன் நான்? அது நேத்து வந்தவன் செய்யுறது. எனக்குன்னு ஒரு கை இருக்கு. ரெண்டு விரலை மடக்கினா பாதி இறக்கம், கட்டைவிரலை ஆட்டினா ஒரு சாண். முதுகுல கண்ணு வெச்சிருக்கான்னு யார்டே சொல்லும். விருந்தாளி வந்தா மேனேஜரே என்னைக் கூப்பிட்டு, அந்த மாதிரி ஒரு தடவை காட்டு பாப்போம்பாரு. இவனும்தான் கை தட்டியிருக்கான்.

– தட்டியிருப்பாரு. வீட்டுக்கு வந்து எனக்கும் செஞ்சு காட்டியிருக்காரு.

– கட்டையை வெச்சுட்டு இவன் வெளிய வர பத்து எண்ணிக்கை ஆகும். எனக்கு அது பாடம். அன்னைக்கும் எண்ணினேன், தங்கச்சி. லாரிக்காரன்கிட்ட பேசிட்டே மனசுக்குள்ள பத்து எண்ணினேன். எண்ணிட்டுத்தான் கையைக் காட்டினேன். கட்டை உருண்டிருக்கும் போல. இவன் மறுபடி உள்ள குனிஞ்சிருக்கான். நான் எப்படிக் கண்டேன்?

– திரும்பிப் பார்த்திருந்தா கண்டிருப்பீங்க. விசில்?

– சத்தம் கேட்டதுக்கு அப்புறம் அடிச்சேன்.

– குழாய் விழுந்த சத்தத்துக்கு அப்புறமா?

– கொல்லாத என்னை.

– நான் எங்க கொன்னேன்? இவ்வளவு நாளா இதை வயித்துல வெச்சுக்கிட்டு எப்படிண்ணே சாப்பிட்டீங்க?

– சாப்பிடல. ஆளைப் பாரு, பாதி ஆயிட்டேன். ரெண்டு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். எனக்கும் மூணு பொண்ணு இருக்கு. இந்தக் கை போனா எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது. நான் சொல்றதக் கேளும்மா. இந்த ஒரு தாளை மட்டும் கிழிச்சிடுவோம். நான் கொண்டுவந்த காகிதத்தையும் உன் கண்ணு முன்னாடியே கிழிக்கிறேன். கயிறு மேலயோ கட்டை மேலயோ பழியைப் போடுவோம். யாரு மேலயும் தப்பு இல்ல. இன்ஜினியர் கால்ல விழுந்தாவது பெயிண்ட் வேலையை நான் வாங்கித் தர்றேன். தினமும் நானே கூட்டிட்டுப் போறேன். என்ன சொல்ற?

– கிழிச்சா என்ன ஆகும்?

– ஒண்ணும் ஆகாது. அதைத்தான் சொல்றேன்.

– நாளைக்கு அந்த அதிகாரி பென்சிலைக் கொடுத்தா?

– அதுதான் பயம். இவன் இதையே திரும்பப் போட்டுட்டான்னா? முதுகைத் திருப்பிக் கையைப் பின்னாடி... போடுவானா?

– போட மாட்டாரு.

– நீ தடுத்துடுவியா?

– நான் தடுக்க வேண்டியதே இல்ல. நிச்சயமாப் போட மாட்டாரு.

– எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்ற?

– இவருக்கு அந்த நாளே ஞாபகத்துல இல்லண்ணே. கேட்ல நின்னு அஞ்சு பேரைக் கேட்டேன், அஞ்சு பேரும் அஞ்சு விதமாச் சொன்னாங்க, அஞ்சையும் நானே வரைஞ்சு இதுல எதுய்யான்னு ரெண்டு வாரமா இவருகிட்ட கேட்டுட்டு இருக்கேன், இவரு எந்தத் தாளையும் தொடவே இல்ல, நீங்கதான் தொட்டீங்க.